வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது?



அதிகாரம் என்பது ஓர் அமானிதமாகும். ஊரைக் காக்கவும், வலியவனிடமிருந்து எளியவனைப் பாதுகாக்கவும் மக்கள் தங்கள் பலத்தைத் திரட்டி ஒரு சிலரின் கையில் ஒப்படைக்கின்றார்கள். அவர்களுக்குச் சீருடையும் தடியும் துப்பாக்கியும் வழங்குகின்றார்கள். அந்த அமானிதத்தைப் பேண வேண்டியவரே அதனைக் கொண்டு ஓர் அப்பாவியின் உயிரைப் பறித்துவிட்டால், அந்தக் குடும்பம் யாருடைய வாசலில் போய் நிற்கும்? காவலரைப் பற்றிக் காவலரிடமே புகார் கொடுப்பதா?

இக்கேள்விக்கு அமெரிக்க நாடு ஒரு சட்டத்தின் வாயிலாக விடை தேடி வருகின்றது. பாதிக்கப்பட்ட குடிமகனே வாதியாக நின்று, தனக்குத் தீங்கிழைத்த காவலரை நீதிமன்றத்தில் நிறுத்தி இழப்பீடு கோரலாம் என்பதே அந்த விடை. இத்தகைய வழக்குகளில் கோடிக்கணக்கான டாலர்கள் வழங்கப்பட்டதாகச் செய்தித்தாள்களில் படிக்கின்றோம். 'உயிருக்கு விலை பேசிவிட்டார்களே!' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்த எண்ணம் சரிதானா? இச்சட்டம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகின்றது, எங்கே தடுமாறுகின்றது என்பதை அறிந்த பின்னரே இதற்கு நாம் விடை காண முடியும்.

நாற்பத்தொரு குண்டுகள்

1999ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நள்ளிரவு கடந்த நேரம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், அமாது தியாலோ எனும் 23 வயது முஸ்லிம் இளைஞர் தாம் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், நடைபாதையில் சிறு பொருள்கள் விற்றுப் பிழைத்து வந்தவர். சீருடை அணியாத நான்கு காவலர்கள், தாங்கள் தேடி வந்த குற்றவாளி இவராக இருக்கலாம் எனச் சந்தேகித்து அவரை நெருங்கினர். அவர் தமது பணப்பையை எடுத்தார். அதைத் துப்பாக்கி என்று கருதியதாகப் பின்னர் கூறிய அக்காவலர்கள், 41 முறை சுட்டனர். 19 குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. அவரிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை.

நால்வர் மீதும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு ஆல்பனி நகருக்கு மாற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று ஜூரிகள் நால்வரையும் விடுதலை செய்தனர். குற்றவியல் நீதியின் வாசல் அத்துடன் மூடப்பட்டது. ஆனால் குடும்பத்தினர் அத்துடன் திரும்பிச் செல்லவில்லை. நகரத்தின் மீதும் காவலர்கள் மீதும் அவர்கள் உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 2004இல் 30 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது. அதற்குள், 2002இலேயே, அந்நால்வரும் பணிபுரிந்த தெருக்குற்றத் தடுப்புப் பிரிவு கலைக்கப்பட்டிருந்தது.

ஒரே நிகழ்வுக்கு இரண்டு வழக்குகள் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். குற்றவியல் வழக்கை அரசுதான் நடத்தும். குற்றம் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். முடிவு சிறைத் தண்டனை. உரிமையியல் வழக்கைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்கலாம். அரசு வழக்கறிஞரின் தயவை அவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இரு தரப்புச் சான்றுகளையும் நிறுத்துப் பார்த்து எது மிகைக்கின்றதோ அதன்படி தீர்ப்பு அமையும். முடிவு இழப்பீடு. முதல் தராசில் தப்பியவர் இரண்டாம் தராசில் தப்பாமல் போவதற்கு இதுவே காரணம்.

அடிமை விலங்கு உடைந்த காலத்துச் சட்டம்

இவ்வழக்குகளுக்கு அடிப்படையான சட்டம் 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து கறுப்பின மக்கள் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றனர். ஆனால் தென் மாநிலங்களில் 'கு கிளக்ஸ் கிளான்' எனும் வெறியர் கூட்டம் அவர்களைக் கொன்றும் கொளுத்தியும் அச்சுறுத்தியது. உள்ளூர் அதிகாரிகள் பலர் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். சிலர் துணையும் நின்றனர். மாநில நீதிமன்றங்களில் அம்மக்களுக்கு நீதி கிடைக்கவில்லை. எனவே, மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி ஒருவரது அரசியல் சாசன உரிமையைப் பறிப்பவர் எவராயினும், பாதிக்கப்பட்டவருக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1871 ஏப்ரல் 20 அன்று அதிபர் கிராண்ட் அதில் கையெழுத்திட்டார். இன்று சட்ட நூல்களில் அது 'பிரிவு 1983' எனப்படுகின்றது. இது ஆண்டைக் குறிப்பதன்று, பிரிவின் எண் மட்டுமே என்பதை நினைவில் கொள்க.

ஏட்டில் இருந்தும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இச்சட்டம் உறங்கியே கிடந்தது. அதனை எழுப்பியது சிகாகோ நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்று. 1958 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை, 13 காவலர்கள் பிடியாணையின்றி வீட்டிற்குள் புகுந்து, கணவனையும் மனைவியையும் ஆடையின்றி நிற்க வைத்து, வீடு முழுவதையும் சூறையாடியதாக அக்குடும்பம் முறையிட்டது. குடும்பத் தலைவரைக் காவல் நிலையத்தில் 10 மணி நேரம் அடைத்து வைத்து, எந்தக் குற்றமும் சாட்டாமல் விடுவித்தனர். 'காவலர்கள் மாநிலச் சட்டத்தையே மீறியிருக்க, அவர்கள் மாநில அதிகாரத்தில் செயல்பட்டனர் என்று எவ்வாறு கூற முடியும்?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். உச்ச நீதிமன்றம் 1961இல் இவ்வாதத்தை நிராகரித்தது. அரசு அணிவித்த சீருடையின் பலத்தால்தான் அவர்கள் அந்த வீட்டிற்குள் நுழைய முடிந்தது. எனவே அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதுவே 'மன்றோ எதிர் பேப்' எனும் புகழ்பெற்ற தீர்ப்பாகும்.

எனினும் அத்தீர்ப்பு நகராட்சியைத் தப்ப விட்டது. 1978ஆம் ஆண்டின் 'மொனெல்' வழக்கில்தான் நகரங்களையும் வழக்கில் சேர்க்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. தவறு செய்தவர் நகரத்தின் ஊழியர் என்பது மட்டும் போதாது. நகரத்தின் கொள்கையோ ஊறிப்போன வழக்கமோ அத்தீங்கிற்குக் காரணம் என்று வாதி நிரூபிக்க வேண்டும்.

எது வரம்பு மீறல்?

குற்றவாளியைப் பிடிக்கும்போது காவலர் ஓரளவு பலம் பிரயோகிப்பது தவிர்க்க முடியாதது. எது தேவை, எது வரம்பு மீறல் என்பதை எவ்வாறு பிரித்தறிவது? இரண்டு தீர்ப்புகள் இதற்கு வழிகாட்டுகின்றன.

1974இல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி தாண்டி ஓட முயன்ற 15 வயதுச் சிறுவனைக் காவலர் ஒருவர் பின்னந்தலையில் சுட்டுக் கொன்றார். அவன் கையில் ஆயுதம் இல்லை என்பதை அக்காவலர் ஏறத்தாழ அறிந்தே இருந்தார். அவனிடம் கிடைத்தவை ஒரு கைப்பையும் 10 டாலரும். கடுங்குற்றச் சந்தேகத்திற்குரியவர் தப்பியோடினால் அவரைச் சுடலாம் என்று அன்றைய மாநிலச் சட்டம் அனுமதித்தது. சிறுவனின் தந்தை வழக்குத் தொடுத்தார். பிறர் உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து விளைவிப்பவர் என்று கருதத் தக்க காரணமின்றி, தப்பியோடுபவரைக் கொல்லும் பலம் பிரயோகிக்கக் கூடாது என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தந்தை நடத்திய வழக்கு, நாடு முழுவதும் உள்ள காவலர்களின் துப்பாக்கிக்கு எல்லை வகுத்தது.

இரண்டாவது, சர்க்கரை நோயாளி ஒருவரின் வழக்கு. 1984இல் வட கரோலினாவின் சார்லட் நகரில், இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தவித்த அவர், பழச்சாறு வாங்கக் கடைக்குள் நுழைந்தார். நீண்ட வரிசையைக் கண்டு விரைந்து வெளியேறினார். அதுவே காவலருக்குச் சந்தேகத்தைத் தந்தது. கைவிலங்கு பூட்டப்பட்டு அவர் முரட்டுத்தனமாகக் கையாளப்பட்டதில் அவரது பாதம் முறிந்தது. இவ்வழக்கில் 1989இல் வகுக்கப்பட்ட அளவுகோல் இன்றும் நடைமுறையில் உள்ளது. காவலரின் மனத்தில் தீய எண்ணம் இருந்ததா என்பது கேள்வியன்று. அந்த இடத்தில், அந்தச் சூழ்நிலையில், நியாயமான ஒரு காவலர் அவ்வாறு நடந்திருப்பாரா என்பதே கேள்வி. குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து இருந்ததா, அவர் எதிர்த்தாரா அல்லது ஓடினாரா என்பவை கவனிக்கப்படும். சுட்ட அந்த ஒரு நொடியை மட்டும் தனித்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தெளிவுபடுத்தியது.

வாசல் திறந்திருக்கிறது, வழியில் தடைகள்

வாசகர்களே! சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பல குடும்பங்கள் வெறுங்கையுடன் திரும்புகின்றன. அதற்குத் தலையாய காரணம், காவலர்களுக்கு நீதிமன்றங்கள் வழங்கியுள்ள ஒரு விலக்குரிமையாகும். 1967இல் தொடங்கி 1982இல் இன்றைய வடிவம் பெற்ற இவ்விதியின்படி, காவலர் உரிமையை மீறியிருந்தால் மட்டும் போதாது. அச்செயல் தவறானது என்று முந்தைய தீர்ப்புகள் தெளிவாக நிலைநாட்டியிருக்கவும் வேண்டும்.

இது நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதற்கு ஓர் உதாரணம். 2014இல் நாஷ்வில் நகரில் திருட்டுச் சந்தேகத்திற்குரிய ஒருவர் கைகளை உயர்த்தி அமர்ந்திருந்தபோது காவலர் அவர்மீது நாயை ஏவினார். சரணடைந்து படுத்திருப்பவர் மீது நாயை ஏவுவது தவறு என்று முன்னரே ஒரு தீர்ப்பு இருந்தது. 'அவர் படுத்திருந்தார், இவர் அமர்ந்திருந்தார்' என்ற வேறுபாட்டைக் கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் காவலரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் அம்மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

மற்றொரு தடை, இழப்பீடு கேட்கலாம், ஆனால் நடைமுறையை நிறுத்தக் கோருவது கடினம் என்பதாகும். 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட ஓர் இளைஞரின் கழுத்தை நெரித்துக் காவலர்கள் மயக்கமுறச் செய்தனர். கழுத்தை நெரிக்கும் முறையையே தடை செய்ய வேண்டுமென்று அவர் கோரினார். அவருக்கே மீண்டும் அவ்வாறு நிகழும் என்பதற்கு உறுதியில்லை எனக் கூறி 1983இல் உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அந்நகரில் 1975 முதல் அம்முறையால் 16 பேர் இறந்திருந்ததை, தீர்ப்பை ஏற்காத நீதிபதி தர்குட் மார்ஷல் சுட்டிக்காட்டினார்.

இக்குறையை ஓரளவு நீக்க, 1994ஆம் ஆண்டின் சட்டம் மத்திய நீதித்துறைக்கே அதிகாரம் வழங்கியது. ஒரு காவல்துறையில் உரிமை மீறல் வாடிக்கையாகிவிட்டால், நீதித்துறை வழக்குத் தொடுத்துச் சீர்திருத்தம் கோரலாம். ஆனால் அந்த அதிகாரம் ஆட்சியாளரின் மனத்தைப் பொறுத்தது. மினியாபொலிஸ், லூயிவில் ஆகிய நகரங்களின் காவல்துறைகளைச் சீர்திருத்தத் தொடுத்த வழக்குகளை 2025 மே மாதத்தில் நீதித்துறையே கைவிட்டது. அரசு பின்வாங்கும் நாளிலும் குடிமகன் தொடுக்கும் வழக்கு மட்டுமே நிலைத்து நிற்கின்றது.

பணத்தைக் கொடுப்பவர் யார்?

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்திற்கு 2021 மார்ச்சில் அந்நகரம் 2 கோடியே 70 இலட்சம் டாலர் வழங்க இசைந்தது. லூயிவில் நகரில் தமது வீட்டிலேயே சுடப்பட்டு இறந்த பிரியோனா டெய்லரின் குடும்பத்திற்கு 2020 செப்டம்பரில் 1 கோடியே 20 இலட்சம் டாலர் அளிக்கப்பட்டது.

இப்பணம் குற்றம் செய்தவரின் பையிலிருந்து வந்ததா? இல்லை. ஜோவானா ஷ்வார்ட்ஸ் எனும் சட்டப் பேராசிரியை 2006 முதல் 2011 வரை 44 பெரிய காவல்துறைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய வழக்குகளில் வழங்கப்பட்ட தொகையில் காவலர்கள் சொந்தமாகச் செலுத்தியது 0.02 விழுக்காடு மட்டுமே. எஞ்சியது அனைத்தும் மக்களின் வரிப்பணம். அடித்தவர் கை வலிக்கவில்லை. கொல்லப்பட்டவரின் அண்டை வீட்டார் தண்டம் கட்டினர். இக்குறையை உணர்ந்த கொலராடோ மாநிலம் 2020இல் ஒரு சட்டம் இயற்றியது. அங்கு மாநில நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் வழக்குகளில் மேற்கூறிய விலக்குரிமை செல்லாது. நல்லெண்ணமின்றி நடந்த காவலர் 25,000 டாலர் வரை சொந்தமாகச் செலுத்த நேரிடும்.

அவ்வாறாயின் இழப்பீட்டால் பயனே இல்லையா? உண்டு. டெய்லரின் குடும்பம் பணத்துடன் நிற்கவில்லை. வீட்டைச் சோதனையிடும் ஆணை கோருவதற்கு முன் உயர் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது உள்ளிட்ட சீர்திருத்தங்களையும் உடன்பாட்டில் சேர்க்கச் செய்தது. நம் சமுதாயத்திற்கு நெருக்கமான மற்றொரு வழக்கையும் கூறலாம். நியூயார்க்கில் கைது செய்யப்பட்டபோது நிழற்படத்திற்காக ஹிஜாபைக் கழற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் இருவர் 2018இல் வழக்குத் தொடுத்தனர். இது தடியடியோ துப்பாக்கிச் சூடோ அன்று. எனினும் கண்ணியத்தின் மீது நிகழ்ந்த பலவந்தமே. 2020இல் காவல்துறை விதியை மாற்றியது. 2024 ஏப்ரலில், அவ்வாறே பாதிக்கப்பட்ட அனைவருக்குமாக 1 கோடியே 75 இலட்சம் டாலர் வழங்க நகரம் உடன்பட்டது.

இது இரத்தத்தின் விலையா?

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இழப்பீடு பெறுவது உயிரை விற்பதாகுமா?

நம் மார்க்கம் இதனை அவ்வாறு நோக்கவில்லை. தவறுதலாக நிகழ்ந்த கொலையைப் பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் இரு கடமைகளை விதிக்கின்றது. ஒன்று, கொல்லப்பட்டவரின் குடும்பத்தாருக்குச் சேர வேண்டிய தியத் எனும் ஈட்டுத்தொகை. மற்றொன்று, கொன்றவர் நிறைவேற்ற வேண்டிய பரிகாரம். அடிமையை விடுதலை செய்ய இயலாதவர் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். ஈட்டுத்தொகையை அவருடைய உறவினர் கூட்டாகச் சுமப்பர் என்பது ஃபிக்ஹ் சட்டம். தம் ஆள் செய்த தவறுக்குத் தாமும் பணம் கட்ட நேரும் என்று அறிந்த கூட்டம், அவரை முன்கூட்டியே கட்டுப்படுத்தும். ஆனால் நோன்பை மற்றவர் நோற்க முடியாது. பொறுப்பில் ஒரு பகுதி சமூகத்திற்கு. ஒரு பகுதி தனி மனிதனுக்கு. நகரமே முழுத் தொகையையும் கட்டி, சுட்டவர் எதையும் சுமக்காமல் செல்லும் ஏற்பாட்டில் விடுபட்டுப் போவது இந்த இரண்டாம் பகுதியேயாகும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைத் தெளிவான சொற்களில் கூற அறியவில்லை. அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் சிலர் கொல்லப்பட்டனர். தம்மிடமிருந்த கைதியைக் கொல்ல அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, அவர்கள் கைகளை உயர்த்தி, அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். பின்னர் அலீ (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பி, கொல்லப்பட்டோருக்கு ஈட்டுத்தொகையையும், அழிந்த உடைமைகளுக்கு ஈட்டையும், நாய் நீர் அருந்தும் பாத்திரம் உட்பட, கணக்குத் தீர்த்தார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. தலைமை, தன் ஆள் என்பதற்காகத் தவறை மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாக மறுத்துரைத்தது. ஈட்டுத்தொகை பேரம் பேசப்படவில்லை, நிறைவாக வழங்கப்பட்டது. உடனிருந்தவர் தவறான கட்டளைக்குக் கை நீட்டவில்லை. பிரிவு 1983 வழக்குகளைத் தொடுக்கும் குடும்பங்கள் இன்று போராடிப் பெற முயல்வதும் இம்மூன்றைத்தாம். ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது உடனிருந்த மூன்று காவலர்கள், அவருக்கு மருத்துவ உதவி செய்யத் தவறியதற்காகவும், அவர்களுள் இருவர் தடுக்கத் தவறியதற்காகவும், 2022 பிப்ரவரியில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டதை இங்கு நினைவு கூரலாம்.

எனவே ஈட்டுத்தொகை உயிரின் விலையன்று. 'இது அநீதியே' என்று அதிகாரத்தின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சி அது. ஒப்புதலும் திருத்தமும் இன்றிப் பணம் மட்டும் கைமாறினால்தான் அது வெறும் விலையாகிவிடுகின்றது.

சாட்சியம் எனும் கடமை

இவ்வழக்குகள் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் சாட்சியத்தைப் பொறுத்தவை. ஃபிளாய்ட் இறந்ததும் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, அவர் உடல்நலக் குறைவால் இறந்ததுபோல் கூறியது. வழியில் நின்ற 17 வயதுச் சிறுமி ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்த காட்சியே உண்மையை உலகிற்குக் காட்டியது. மருத்துவச் சான்று, சாட்சிகளின் பெயர்கள், நேரம், இடம் ஆகியவற்றை உடனே குறித்து வைக்காத குடும்பங்கள் பின்னர் தவிக்கின்றன. காலக்கெடுவும் உண்டு, பல மாநிலங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஏழைக்கும் வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வாதி வென்றால் அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு செலுத்தும்படி நீதிமன்றம் ஆணையிட 1976ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது.

தமக்கே எதிராயினும், பெற்றோர், உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கின்றது. அநீதியைக் கண்டவர் எந்த நாட்டவராயினும், பாதிக்கப்பட்டவர் எந்த இனத்தவராயினும் இக்கடமை மாறுவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சீருடையை மதிக்கக் கற்றுக் கொடுங்கள். அச்சீருடை வரம்பு மீறும்போது கண்டதை மறைக்காமல் சொல்லவும் கற்றுக் கொடுங்கள். அவர்களுள் ஒருவர் நாளை அந்தச் சீருடையை அணிந்தால், தவறான கட்டளைக்கு மறுப்புக் கூறும் துணிவும் அவருக்கு வாய்க்க வேண்டும்.

அநீதி இழைப்பதிலிருந்தும், அநீதி இழைக்கப்படுவதிலிருந்தும், அநீதியைக் கண்டு மௌனம் காப்பதிலிருந்தும் வல்ல இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.